வண்டியை உயர்த்தலாமா?

மழைக் காலம் நெருங்கினால் சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு கேள்வி கிளம்பும்.

"நம்ம வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டால் என்ன?"

கேட்பவர்கள் பழைய ஜீப் ரகக் கார் வைத்திருப்பவர்கள். எஸ்.யு.வி. என்று சொல்கிறார்களே, அந்த வண்டிதான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இத்தகைய வண்டிகள் ஏராளம். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் அதில்தான். பிறகு தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போவதும் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோவிலுக்குப் புறப்படுவதும் அதில்தான்.

உயர்த்துவது எளிது. கடையில் சாமான் கிடைக்கிறது. ஒரே நாளில் பூட்டித் தருகிறார்கள். ஆனால் உயர்த்திய பிறகு என்ன ஆகும்? வண்டி நிலையாக ஓடுமா? பிரேக் பிடிக்குமா? சட்டம் சும்மா இருக்குமா? இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரிந்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

ஏன் இந்த ஆசை?

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தப் பகுதி ஏரிகள் நிறைந்த பகுதி. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரி. நடுவே கூவம் ஆறு. பெருமழை பெய்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது. அங்கே இப்போது வீடும் சாலையும் இருக்கின்றன!

2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னை மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. தெருவில் நின்ற கார்கள் தண்ணீரில் நின்றன. அதைப் பார்த்தவர்களுக்கு "உயரமான வண்டி வேண்டும்" என்ற எண்ணம் வருவது இயல்பே.

மழை இல்லாத நாளிலும் தொல்லை உண்டு. குண்டும் குழியுமான உட்தெரு. அளவில்லாமல் போட்ட வேகத்தடை. அதன் மேல் ஏறி இறங்கும்போது அடிப்பாகம் "கிறீச்" என்று உரசும். அந்தச் சத்தம் கேட்டவுடன், "வண்டி தாழ்வாக இருக்கிறது, உயர்த்த வேண்டும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

முதல் தவறு அங்கேதான் நடக்கிறது.

வண்டி தாழ்வா? ஸ்பிரிங் படுத்ததா?

டாட்டா சுமோ வந்தது 1994இல். சபாரி வந்தது 1998இல். மகிந்திரா பொலேரோவும் டொயோட்டா குவாலிசும் 2000இல் வந்தன. ஸ்கார்ப்பியோ 2002இல் வந்தது. பஜேரோ வண்டி ஆவடியைத் தாண்டியுள்ள திருவள்ளூர் பக்கத்து ஆலையிலேயே தயாரானது. எண்டவர் வண்டி மறைமலைநகரில் தயாரானது.

இவற்றில் எதுவும் புதிதாய் வந்தபோது அடி தட்டவில்லை. அன்று தட்டாத வண்டி இன்று ஏன் தட்டுகிறது?

ஸ்பிரிங்குக்கும் வயது உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டு பாரம் சுமந்த ஸ்பிரிங் மெல்ல மெல்லப் படுத்துவிடும். ஒரு நாளில் நடப்பதல்ல. ஆகவே வீட்டுக்காரர் கண்ணில் படாது. ஒன்று, ஒன்றரை அங்குலம் இறங்கிய பிறகுதான் வேகத்தடை அதை எடுத்துச் சொல்லும்.

அப்படியானால் அந்த வண்டிக்கு வேண்டியது புதிய உயரம் அல்ல. இழந்த உயரம்!

கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அதே மாதிரியில் அதிகம் ஓடாத, நல்ல நிலையில் உள்ள இன்னொரு வண்டியையும் இப்படியே அளந்து ஒப்பிட வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் தெளிவான வேறுபாடு இருந்தாலோ, மற்ற வண்டியைவிடக் குறைவாக இருந்தாலோ ஸ்பிரிங் படுத்துவிட்டது என்று அறியலாம்.

கூடவே மூன்று சோதனைகள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருக்கிறதா? வண்டியின் மூலையை அமுக்கிவிட்டால் உடனே அடங்குகிறதா, தொட்டில் போல் ஆடுகிறதா? டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் உயர்த்தும் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, பழுது பார்க்கும் வேலையைத் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. முன்னால் கனமான இரும்புக் கம்பித் தடுப்பு, மேலே இரும்புக் கேரியர், பின்னால் எப்போதும் இறக்காத சாமான் மூட்டை. இவற்றை முதலில் கழற்றிப் பார்க்கலாம். பாரம் குறைந்தால் வண்டி தானே நிமிரும். முன் கம்பித் தடுப்பைச் சட்டமும் விரும்பவில்லை. அதை மாட்டியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

உயர்த்தும் வழிகள்

சந்தையில் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று அறிந்துகொள்வது நல்லது.

முதலாவது, சுருள் ஸ்பிரிங்கின் மேல் ரப்பர் அல்லது உலோக வளையம் வைப்பது. இதை ஸ்பேசர் என்கிறார்கள். மலிவானது. ஆனால் ஸ்பிரிங் அதே பழைய ஸ்பிரிங்தான். வயதானவரை முக்காலி மேல் நிறுத்தினால் உயரமாவார், வலிமை வந்துவிடாது!

இரண்டாவது, சுருளின் நடுவே ரப்பர்க் கட்டையைச் செருகுவது. இது சுருளின் ஒரு வளையத்தை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. வண்டி சற்று நிமிரும். ஆனால் குதிக்கும்.

மூன்றாவது, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பது. எப்போதும் பாரம் ஏற்றும் வண்டிக்கு இது பொருந்தும். காலி வண்டியில் பின் இருக்கைக்காரர் தூக்கித் தூக்கிப் போடப்படுவார். பழைய பட்டையைக் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றுவதும் உண்டு. உருக்கின் பதம் தெரிந்தவர் செய்தால் சரி. பதம் கெட்டால் பட்டை சீக்கிரமே மறுபடி படுக்கும், அல்லது முறியும்.

நான்காவது, பட்டையைத் தாங்கும் ஷாக்கிளை நீளமாக்குவது. ஷாக்கிள் 2 அங்குலம் நீண்டால் வண்டி 1 அங்குலம்தான் உயரும். திருப்பங்களில் பின்பக்கம் ஆட்டம் காட்டும்.

ஐந்தாவது, முறுக்குக் கம்பியை முறுக்குவது. பழைய பஜேரோ, பழைய எண்டவர் போன்றவற்றில் முன்பக்கம் சுருள் இல்லை. நீண்ட உருக்குக் கம்பி ஒன்று முறுகிப் பாரம் தாங்குகிறது. ஒரு போல்ட்டைத் திருப்பினால் முன்பக்கம் எழும்பும். காசு செலவில்லை. அதனால்தான் ஆபத்து. அளவு மீறித் திருப்பினால் சக்கரம் பள்ளத்தில் இறங்க இடமிருக்காது. ஒவ்வொரு குழியிலும் "டம்" என்று அடிக்கும்.

ஆறாவது, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்த்துச் செய்த முழுத் தொகுதி. எல்லாவற்றிலும் சிறந்தது, எல்லாவற்றிலும் விலை கூடியது.

ஏழாவது, பெரிய டயர். இதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும்.

பலர் அறியாத செய்தி

ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் உடல் உயரும். அச்சு உயராது!

பொலேரோ, ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகளுக்குப் பின்னால் ஒரே துண்டு அச்சு. அதன் நடுவில் டிபரன்ஷியல் ஒரு குடம் போலத் தொங்குகிறது. தரைக்கு மிக அருகில் இருக்கும் பாகங்களில் அது ஒன்று. ஸ்பிரிங்கில் எத்தனை அங்குலம் ஏற்றினாலும் அந்தக் குடம் இருந்த இடத்திலேயே இருக்கும். கல் மேல் மோதும் குடம் நாளையும் மோதும்.

அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொலேரோவின் டயர் அளவு 215/75 ஆர் 15. அதன் மொத்த விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் விட்டம் சுமார் 733 மில்லிமீட்டர். கூடுதல் 30. அதில் பாதிதான் தரைக்கும் அச்சுக்கும் நடுவே சேரும். ஆக, கிடைப்பது 15 மில்லிமீட்டர். ஒரு விரல் அகலம்!

அந்த ஒரு விரலுக்காகக் கொடுக்கும் விலை என்ன? கனமான டயர், டீசல் கூடும். பிரேக்குக்கு வேலை கூடும். முள் 60 கிலோமீட்டர் என்று காட்டும்போது வண்டி சுமார் 62½ கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வண்டிக்காரருக்கு அது தெரியாது.

நிலைத்தன்மை என்னும் கணக்கு

குடும்பம் ஏறும் வண்டிக்கு எல்லாவற்றிலும் முக்கியம் கவிழாமல் இருப்பது. இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் உள்ள அகலத்தில் பாதியை எடுக்க வேண்டும். அதை வண்டியின் எடை மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். வரும் எண் பெரிதாக இருந்தால் வண்டி நிலையானது. சிறிதாக இருந்தால் கவிழ எளிது.

அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 2001ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் இந்த எண்ணை வைத்துத்தான் வண்டிகளின் கவிழும் அபாயத்தை மக்களுக்கு அறிவிக்கிறது. சாதாரணக் கார்களுக்கு இந்த எண் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை. ஜீப் ரக வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. அதாவது, கடையிலிருந்து வரும்போதே ஜீப் ரகம் காரைவிடக் கவிழ எளிது.

ஒரு மாதிரிக் கணக்கு: சக்கர அகலம் 145 சென்டிமீட்டர், எடை மையம் 72.5 சென்டிமீட்டர் உயரத்தில். எண் 1.0 வருகிறது. இந்த வண்டியை 2 அங்குலம் உயர்த்தினால் எடை மையம் சுமார் 4 சென்டிமீட்டர் ஏறும். எண் 0.95க்கு இறங்கும். மேலே கேரியரில் மூட்டை கட்டினால் இன்னும் இறங்கும்.

இதனால் வண்டி நேரே போகும்போது ஒன்றும் ஆகாது. ஆபத்து எப்போது? வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் வேகமாகப் போகிறார். மாடு குறுக்கே வருகிறது. சட்டென்று ஒடிக்கிறார். அந்த ஒரு கணத்தில்தான் இழந்த நிலைத்தன்மை தேவைப்படும்.

பிரேக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல வண்டிகளில் பின் அச்சோடு இணைந்த ஒரு வால்வு இருக்கிறது. பின்பக்கம் அமுங்கியிருந்தால் "பாரம் இருக்கிறது" என்று கருதிப் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். எழும்பியிருந்தால் "வண்டி காலி" என்று கருதி அழுத்தத்தைக் குறைக்கும். ஸ்பிரிங்கை உயர்த்திவிட்டு இந்த வால்வைச் சரிசெய்யாவிட்டால் என்ன ஆகும்? ஏழு பேர் ஏறிய வண்டியைக் காலி வண்டி என்று அது நினைத்துக்கொள்ளும்! பின் பிரேக் பலம் குறையும்.

முகவிளக்கும் அப்படியே. மூக்கு நிமிர்ந்தால் வெளிச்சமும் நிமிரும். திருவள்ளூர் நெடுஞ்சாலையில் எதிரே ஸ்கூட்டரில் வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும். மூக்கு உயர உயர, வண்டிக்கு முன்னால் நிற்கும் சிறு குழந்தையும் ஓட்டுநர் கண்ணுக்கு மறையும். பாட்டியும் தாத்தாவும் ஏறி இறங்கப் படும் பாடு வேறு.

வெள்ளத்தில் காப்பாற்றுமா?

"எல்லாம் சரி, வெள்ளத்துக்கு உதவுமே?" என்று கேட்கலாம்.

தேங்கி நிற்கும் தண்ணீரில் இரண்டு அங்குலம் ஓரளவு உதவும். ஆனால் ஓடும் தண்ணீர் வேறு. அமெரிக்க வானிலைத் துறை தரும் எச்சரிக்கை இது: ஓடும் வெள்ளம் ஓர் அடி ஆழம் இருந்தால் பெரும்பாலான கார்களை இழுத்துச் செல்லும். இரண்டு அடி இருந்தால் ஜீப் ரக வண்டியையும் இழுத்துச் செல்லும். டயரும் உடலும் காற்றை அடைத்து வைத்திருப்பதால் வண்டி மிதக்கத் தொடங்குகிறது. மிதக்கும் வண்டிக்கு ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை.

இரண்டு அங்குலம் உயர்த்தியவர் இரண்டு அடி வெள்ளத்தில் துணிந்து இறங்குவார். உயர்த்தாதவர் கரையிலேயே நின்றுவிடுவார். பிழைப்பது யார்?

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரித்த நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக, பதிவுப் புத்தக விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2019இல் சட்டம் திருத்தப்பட்டபோது தண்டனையும் எழுதப்பட்டது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"வண்டியின் அடிப்படை அம்சம் மாறினால்தானே குற்றம்? ஓர் அங்குல வளையம் அடிப்படை மாற்றமா?" என்று வாதாட இடமுண்டு. அடிப்படை அம்சம் என்ற சொல் சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை எங்கே சொல்வது? சாலையோரத்தில் மறிக்கும் அதிகாரியிடமா? விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியிடமா? அறிவிக்காமல் செய்த மாற்றம் நஷ்டஈட்டுக்கு வில்லங்கமாக வந்து நிற்கலாம்.

பழைய வண்டிக்காரருக்கு இன்னொரு கட்டமும் உண்டு. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியை அதிகாரி பார்வையிடுவார். 20 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவ்வளவு பணம் கட்டிவிட்டு, உயர்த்திய ஸ்பிரிங்குக்காகத் திரும்பி வருவது யாருக்கும் இனிக்காது.

தேய்ந்த ஸ்பிரிங்கைக் கழற்றி, அதே அளவுப் புது ஸ்பிரிங் போடுவது மாற்றம் அல்ல, பழுது பார்ப்பது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆவடி காட்டும் பாடம்

சஸ்பென்ஷன் கலைக்கு ஆவடியே சாட்சி. இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1960களில் உருவான விஜயந்தா டாங்கி, முறுக்குக் கம்பிகளின் மேல் நின்றது. பின்னால் வந்த அர்ஜுன் டாங்கிக்கு எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்கும் அமைப்பு வைத்தார்கள்.

விஜயந்தாவின் கம்பிக்கு அடியில் ஒரு கட்டை வைத்து அர்ஜுனாக்கிவிடவில்லை! எடை, வேகம், சக்கரம் ஏறி இறங்கும் தூரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுப் புதிதாக வடிவமைத்தார்கள். வீட்டு வண்டிக்கும் விதி அதுவே. ஒரு பாகத்தை மாற்றினால் அதோடு சேர்ந்த பத்துப் பாகமும் பதில் சொல்ல வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

தினமும் ஓடும் பழைய வண்டிக்கு வரிசை இதுதான்.

முதலில் வேண்டாத பாரத்தை இறக்குக. பிறகு நான்கு மூலையையும் அளந்து பார்க்க. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ், அடி தாங்கும் ரப்பர் ஆகியவற்றை நிறுவனம் குறித்த அளவிலேயே புதிதாகப் போடுக. ஒரு பக்கம் மட்டும் மாற்ற வேண்டாம். இடமும் வலமும் ஜோடியாக மாற்றுக. வீல் அலைன்மென்ட் பார்க்க. பிறகு ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க. பெரும்பாலோருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

ஸ்பிரிங் வாங்கும்போது "எத்தனை அங்குலம்?" என்று கேட்க வேண்டாம். "எவ்வளவு பாரத்துக்கு?" என்று கேட்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் வண்டியில் இருப்பது ஒருவரா, ஏழு பேரா? ஒருவர் போகும் வண்டிக்கு ஏழு பேர் பாரத்துக்கான கெட்டி ஸ்பிரிங் போட்டால் முதுகுதான் வலிக்கும். வண்டி ஒவ்வொரு குழியிலும் எகிறும். எகிறும் டயர் சாலையைப் பிடிக்காது.

இதற்குப் பிறகும் அடி தட்டினால்? முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். இசைவு கிடைத்தால், முழுத் தொகுதியாக, ஓர் அங்குல அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, பிரேக் வால்வு சரிசெய்யப்பட்டதா, புரொப்பெல்லர் ஷாப்ட் அதிர்கிறதா, முகவிளக்கு தாழ்த்தப்பட்டதா என்று நான்கையும் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். குடும்பம் முழுவதும் ஏறிய நிலையிலும் ஒருமுறை பிரேக்கைச் சோதிக்க வேண்டும்.

காட்டிலும் மலையிலும் பந்தயம் ஓட்டுபவர்களுக்கு நான்கு அங்குலம் தேவைப்படலாம். அவர்கள் மெதுவாகப் போகிறார்கள், தனியாகப் போகிறார்கள். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்குப் பிள்ளைகளோடு போகும் வண்டிக்கு அந்த உயரம் வேண்டாம். அது பிறந்தபோது இருந்த உயரத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். செலவும் குறைவு, சட்டமும் கேட்காது, பின் இருக்கையில் தூங்கும் குழந்தையும் விழிக்காது.